குனிந்து எடுத்த டின்

"மலையைத் தின்கிறவன்னா எனக்கு என் மச்சான் ஞாபகம்தாண்ணே வருது," என்றான் லியாகத் அலி. "போன வாரக் கல்யாணத்துல நாலு பேரு சேந்து சாப்பிட வச்ச சஹன் தட்டை ஒத்த ஆளா முடிச்சிட்டு, பக்கத்து சஹனை ஒரு பார்வை பாத்தான் பாரு!"

ஜெயபாலன் சிரிக்கவில்லை. ஆனால் அவர் முகத்தில் வேறு ஒரு சந்தோஷம் இருந்தது. மேசைமேல் விரித்து வைத்திருந்த தாளை நாலாவது தடவையாகப் படித்துக்கொண்டிருந்தார். பத்துமலையின் முத்து முத்தான கையெழுத்து. நாலே வரி.

மலையைத் தின்கிறவன் திரும்பும் முச்சந்தி.
தண்ணீர் குனிந்து போகும், நீயும் குனி.
இடக்கைப் பக்கம் ஒன்பது.
உள்ளே இருப்பது உனக்கல்ல.

ஈப்போ லஹாட் ரோட்டில் முடிதிருத்தும் கடைக்கு மேலே இருந்த அந்த ஒற்றை அறைதான் ஜெயபாலனின் துப்பறியும் நிலையம். பத்து வருஷம் போலீஸில் இருந்துவிட்டு, மேலதிகாரி ஒருவரோடு ஒத்துப்போகாமல் வெளியே வந்து ஆரம்பித்தது. லியாகத் அலி அதற்கு டிரைவர், குமாஸ்தா, கோப்பி வாங்கி வருபவன் எல்லாம். நாற்பது வயது. வாயை மூடி யாரும் பார்த்ததில்லை.

எதிர் நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்திருந்தவர் வீரம்மா. தாளைக் கொண்டு வந்தவர் அவர்தான். பெல்மோர் தோட்டத்தில் முப்பத்திரண்டு வருஷம் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர்; இப்போது அங்கே குடியிருப்போர் கமிட்டிக்குத் தலைவி. முதல் பஸ்ஸைப் பிடித்து வந்ததில் சேலைத் தலைப்பு முழுக்க மழையில் நனைந்திருந்தது.

"புரியுதுங்களா ஐயா?"

"எனக்குப் புரியணும்னே எழுதினதுதானக்கா."

"அப்ப கடுதாசி கெடச்சிரும்." வீரம்மா ஈரத் தலைப்பைப் பிழிந்து விட்டுக்கொண்டார். அவருக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

பெல்மோர் தோட்டம் பத்து காஜா ஊருக்குத் தெற்கே, ஏழாவது மைலில். அங்கே இருந்த கடைசி வெள்ளைக்காரத் துரை 1967இல் கப்பலேறும் முன் ஒரு கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார். தோட்டம் யார் கைக்கு மாறினாலும், தொழிலாளர் வரிசை வீடுகளான லயமும் கோயிலும் நிற்கிற நாலு ஏக்கர் அங்கே வேலை செய்தவர்கள் குடியிருக்கத்தான் என்று. பன்னிரண்டு வருஷம் கழித்து, இந்த 1979இல், தோட்டத்தை வாங்கிய கம்பெனி பால்மரங்களைச் சாய்த்துவிட்டு வீடமைப்புத் திட்டம் போடுகிறது. ஐம்பத்திரண்டு குடும்பமும் காலி செய்ய வேண்டும் என்று வழக்கு. நாளைக் காலை பத்து காஜா கோர்ட்டில் விசாரணை.

"நகல் ஏதாச்சும் எடுத்து வச்சீங்களா?"

"பத்துமலை அண்ணன்கிட்ட இருக்கயில நகலு எதுக்குன்னு இருந்துட்டோம் ஐயா. அவருதானே தோட்டத்து ஆபீஸ்ல கணக்கு எழுதற பெரிய கிராணி. இங்கிலீசு படிக்கத் தெரிஞ்சவரும் அவரு ஒருத்தருதான். வீட்ல வச்சா கம்பெனிக்காரன் ஆளு விட்டு எடுத்துருவான்னு, எங்கேயோ கொண்டு போய் ஒளிச்சு வச்சாரு. 'கோர்ட்டுக்கு மொத நாளு இந்தக் கவரை ஈப்போவுல ஜெயபாலன் கையில குடு. அவனைத் தவிர யாராலயும் எடுக்க முடியாது'ன்னாரு. அப்புறம் அஞ்சு நாளைக்கு முந்தி மழையில மோட்டார் சைக்கிள் வழுக்கி..." வீரம்மா தன் தாடையைத் தொட்டுக் காட்டினார். "கம்பி போட்டுக் கட்டியிருக்காங்க. பேச முடியாது."

"லாயர் என்ன சொல்றாரு?"

"கடுதாசி வேணுங்கிறாரு. இல்லாட்டி, அதைப் படிச்ச ஆளு அதுல என்ன இருந்துச்சுன்னு சாட்சி சொல்லணுமாம். படிச்ச ஆளு வாயைத்தான் கட்டிப் போட்டிருக்கே."

ஜெயபாலன் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "நீங்க அந்தக் கடிதத்தைப் பாத்திருக்கீங்களா?"

"படிக்கத் தெரியாதுங்க. ஆனா கையில வாங்கிப் பாத்திருக்கேன். தாளு நல்ல தடிமனா, வெறப்பா இருக்கும். மேல ஒரு மரத்துப் படம். மையில போட்டது இல்ல, தாளே எழும்பி நிக்கும். தடவினா வெரல்ல தட்டும்." பால் கறை ஏறிய கட்டைவிரலை அவர் காற்றில் மெல்ல நகர்த்திக் காட்டினார்.

"நீங்க ஆஸ்பத்திரிக்குப் போங்கக்கா. நாங்க எடுத்துக்கிட்டு நேரா அங்க வந்துர்றோம்."

லியாகத் அலியின் மோரிஸ் மைனர் கார் கிளம்பும்போதே ஜெயபாலனுக்கு விடை தெரிந்துவிட்டது.

"சிம்பாங் பூலாய்க்கு விடு."

"அதுக்குள்ளயா?"

"மலாய்ல சிம்பாங்னா என்ன? பிரிவு, முச்சந்தி. அங்க திரும்பி உள்ள போனா கல் உடைக்கிற மலை. தினம் எத்தனை லாரி மலையைக் கொஞ்சம் கொஞ்சமா அள்ளிக்கிட்டு வருது?"

"அட, லாரியா! அநியாயமா என் மச்சான் பேரைக் கெடுத்துட்டேனே." லியாகத் அலி கியரை மாற்றினான். "ஆனா ஒண்ணுண்ணே. போன தடவை அந்தக் கிராணியார் குடுத்த நாலு வரிக்கு நீ மூணு வாரம் மண்டையைப் பிச்சுக்கிட்டே. இது மாடிப்படி இறங்கறதுக்குள்ள முடிஞ்சுபோச்சு."

ஜெயபாலனுக்கும் அது உறுத்தியிருந்தது. கோர்ட் விஷயம், அவசரத்தில் எடுக்க வேண்டியது, அதனால் சுலபமாக வைத்திருப்பான் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

பதினோரு வருஷ விளையாட்டு அது. போலீஸில் இருந்தபோது ரப்பர் ஷீட் திருட்டு ஒன்றைத் துப்பறிய பெல்மோர் தோட்டத்துக்குப் போனார் ஜெயபாலன். மூன்று நாள் தேடியும் சரக்கு கிடைக்கவில்லை. ஆபீஸில் உட்கார்ந்திருந்த பெரிய கிராணி பத்துமலை நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "கோயில் தேரைத் திறந்து பாத்தீங்களா?" என்றார். இருந்தது. அன்றைக்குச் சாயங்காலம் இருவரும் கடையில் உட்கார்ந்து, ஒரு பொருளை ஒளிப்பது எப்படி என்று இருட்டும்வரை வாதாடினார்கள். மறுமாதம் பத்துமலையிடமிருந்து நாலு வரி தபாலில் வந்தது. ஒரு பிஸ்கட் டின், உள்ளே கோடு போடாத ஒரு சின்ன நோட்டு. கண்டுபிடித்தவன் தேதி போட்டுக் கையெழுத்திட வேண்டும். ஒளித்தவனும் பிறகு வந்து கையெழுத்திடுவான். அடுத்த மாதம் ஜெயபாலன் முறை. அப்படியே ஓடியது.

முதல் தடவை ஜெயபாலன் தன் கெட்டிக்காரத்தனத்தையெல்லாம் காட்டி, பஸ் நிலையக் கக்கூஸின் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் டின்னை ஒட்டி வைத்தார். பத்துமலை கண்டுபிடித்து நோட்டில் எழுதியிருந்தார்: 'வந்தேன். எடுத்தேன். எதுக்கு வந்தேன்?'

அவ்வளவுதான். ஆனால் அது ஜெயபாலனுக்குச் சுருக்கென்று தைத்தது. பத்துமலைக்கு ஒளிக்கிற இடம் என்றால் யார் கண்ணிலும் படாத இடம் மட்டுமல்ல. தேடி வந்தவன் டின்னோடு நிமிரும்போது, அதுவரை பார்க்காத ஒன்று அவன் கண்ணுக்கு எதிரே இருக்க வேண்டும். "இல்லாட்டி அந்த மனுசன் அவ்வளவு தூரம் எதுக்கு வரணும் பாலா? டின்னு கடையிலயே கெடைக்குமே," என்பார்.

ஒருமுறை தோட்டத்து எல்லையில், வெட்டாமல் விட்ட கிழட்டுப் பால்மரம் ஒன்றின் வேர்ப்பொந்தில் வைத்திருந்தார். ஜெயபாலன் எடுத்துக்கொண்டு நிமிர்ந்தால், முகத்துக்கு நேரே மரப்பட்டையில் பதினேழு பெயர்கள். ஜப்பான்காரன் சயாம் ரயில் பாதை போட லாரியில் ஏற்றிக்கொண்டு போன அன்று காலையில், போகிறவர்கள் உளியால் கீறிவிட்டுப் போனது. மரம் பருக்கப் பருக்க எழுத்தும் பருத்து, குழந்தை எழுதியதுபோல் உருண்டு திரண்டு நின்றது. நாலாவது பெயர் பத்துமலையின் அப்பா. பத்துமலை அதைப் பற்றி ஜெயபாலனிடம் வாய் திறந்து ஒரு வார்த்தை சொன்னதில்லை. டின்னை மட்டும் வைத்தார்.

அப்படிப்பட்ட மனிதர்.

சிம்பாங் பூலாய் முச்சந்தியில் மழை சற்று விட்டிருந்தது. கல் லாரிகள் சிந்திய தூள் சேறாகி, சாலையே வெள்ளை வெளேரென்று இருந்தது. பிரிவுச் சாலைக்கு அடியில் ஒரு மதகு. மழைத் தண்ணீர் அதற்குள் குனிந்துதான் போய்க்கொண்டிருந்தது.

"நீயும் குனின்னு எழுதியிருக்காருண்ணே. என்னைக் குனியச் சொல்லல," என்று லியாகத் அலி குடையை விரித்துக்கொண்டு மேலேயே நின்றான்.

ஜெயபாலன் காற்சட்டையைச் சுருட்டிக்கொண்டு இறங்கினார். முழங்கால்வரை தண்ணீர். மதகுச் சுவரில் இடது பக்கமிருந்து எண்ணினார். ஒன்பதாவது செங்கல் தொட்டதும் ஆடியது. பின்னால் கைவிட்டால் டின். இழுத்து எடுத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

எதிரே ஒரு டயர்க் கடையின் பின்சுவர். கிழிந்த டயர்க் குவியல். அதன்மேல் ஒரு நாய் அவரைப் பார்த்துக் கொட்டாவி விட்டது. வேறொன்றும் இல்லை. திரும்பிப் பார்த்தார். மலைகூட அங்கிருந்து தெரியவில்லை. ஒரு கிடங்கின் தகரக் கூரை மறைத்தது.

வந்தேன், எடுத்தேன், எதுக்கு வந்தேன்?

"என்னண்ணே, பேய் கண்ட மாதிரி நிக்கிறே? டின்னைத் தொற லா!"

மூடியைத் திருகினார். உள்ளிருந்து முதலில் தண்ணீர் கொட்டியது. பிறகு சாம்பல் நிறத்தில் கூழாகிப்போன காகிதம் கொழகொழவென்று உள்ளங்கையில் விழுந்தது.

லியாகத் அலியின் கையிலிருந்து குடை சரிந்தது. "அடோய்... அம்பத்திரண்டு குடும்பம்ணே."

ஜெயபாலன் கரையேறி, காரின் முன்பக்கத்தில் கைக்குட்டையை விரித்து, அந்தக் கூழைக் கொட்டினார்.

"பாவம், பெரியவரு நல்லதுக்குத்தான் வச்சாரு," என்றான் லியாகத் அலி. "மழை இப்படிப் பேயும்னு யாரு கண்டா?"

"எல்லாரும் கண்டாங்க. இது நவம்பர் மாசம். நவம்பர்ல மதகு நிறையும்னு இந்தக் கிந்தா வட்டாரத்துல பள்ளிக்கூடம் போற புள்ளைக்குக்கூடத் தெரியும்."

"அவசரத்துல..."

"பதினோரு வருஷமா இவன் வச்ச டின்னுல ஒரு பொட்டுத் தண்ணி போனதில்ல. மூடியைச் சுத்தி மெழுகுவத்தியை உருக்கி ஊத்தாம வைக்கவே மாட்டான். இதுல மெழுகு எங்க?"

லியாகத் அலி மூடியைத் தடவிப் பார்த்தான். தகரம் வழவழவென்று இருந்தது.

"அப்புறம் இந்த இடம். இதைவிட அசிங்கமான இடத்தை நான்தான் ஒரு தடவை புடிச்சேன், கக்கூஸ்ல. அதுக்கே என்னைக் கிழிச்சான். அவன் இங்க வந்து வைக்கிறான்னா..."

"வேற யாரோ எடுத்து மாத்தி வச்சிருக்கான்! கம்பெனிக்காரன்!" லியாகத் அலிக்கு உற்சாகம் வந்தது.

"நாலு வரியை எழுதினது வேற யாரோவா? அது அவன் கையெழுத்து. அது கூட்டிக்கிட்டு வந்த இடம் இது." ஜெயபாலன் சுண்டுவிரலால் கூழை மெல்லப் பிரித்தார். கலையாத ஒரு துண்டில், மங்கலாக, நீலக் கோடுகள். ஒன்றன்கீழ் ஒன்றாக, சீராக.

"இது என்ன தாளு?"

லியாகத் அலி குனிந்து பார்த்தான். "பள்ளிக்கூட நோட்டு." சொன்ன பிறகுதான் அவனுக்கு உறைத்தது. "தொரை எதுக்குண்ணே பள்ளிக்கூட நோட்டுல கடுதாசி எழுதறாரு?"

"எழுதல. எங்க டின் நோட்டுலயும் கோடு கிடையாது."

சாலையில் ஒரு கல் லாரி இரைந்துகொண்டு திரும்பியது.

"அப்ப... அவரேவா?" என்றான் லியாகத் அலி, தாழ்ந்த குரலில். "இது நனையட்டும்னே வச்சதா? நீ எடுத்து, அய்யோ மழையில போச்சேன்னு நீயே போய்ச் சொல்றதுக்கா?"

"ஜெயபாலனே தேடி எடுத்தாரு, எழுத்தெல்லாம் கரைஞ்சுபோச்சு. யாரு மேல சந்தேகம் வரும்? மழை மேல." ஜெயபாலன் கைக்குட்டையை நாலு முனையும் சேர்த்து முடிந்தார். "கோர்ட்டுக்கு முந்தின நாள் குடுக்கச் சொன்னான் பாரு. யோசிக்க நேரம் இருக்கக்கூடாதுன்னுதான்."

பத்து காஜா வரும்வரை லியாகத் அலி ஒரு வேடிக்கையும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரிக்குச் சற்று முன்னால், ஒரு மளிகைக் கடை வாசலில் நிறுத்தச் சொல்லி ஜெயபாலன் இறங்கினார். ஒரு புது நோட்டும் நீல மைப் பேனாவும் வாங்கி வந்தார்.

"பள்ளிக்கூடம் சேரப் போறியாண்ணே?"

"ஆமா. ரொம்ப லேட்டா."

வார்டு வராந்தாப் பெஞ்சில் வீரம்மா உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு கஞ்சி பிளாஸ்க்கு. விபத்து நடந்த நாளிலிருந்து, பத்துமலைக்குக் கன்னத்தின் ஓரமாக ரப்பர்க் குழாயைவிட்டுக் கஞ்சித் தண்ணீர் ஊட்டுவது அவர்தான். மனைவி இல்லாதவர், மகள் கிள்ளானில் குடியிருந்தாள். ஜெயபாலனைப் பார்த்ததும் எழுந்தார்.

"கெடச்சதுங்களா?"

ஜெயபாலன் முடிச்சை அவிழ்த்துக் காட்டினார். "டின்னுக்குள்ள இதுதான் இருந்துச்சு."

வீரம்மா பெஞ்சில் மறுபடி உட்கார்ந்தார். கையை நீட்டி அந்தக் கூழில் ஒரு சிட்டிகை எடுத்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்துத் தேய்த்தார். மறுபடி தேய்த்தார். முகத்தில் குழப்பம் வந்தது.

"தண்ணி பட்டா தடிமனான தாளு மெல்லிசாப் போயிருமா ஐயா?"

"போகாதுக்கா. ஊதித்தான் போகும்."

"அப்ப எனக்குத்தான் தெரியல," என்றார் வீரம்மா. பத்துமலையைச் சந்தேகிப்பதைவிடத் தன் விரலைச் சந்தேகிப்பது அவருக்குச் சுலபமாக இருந்தது. ஜெயபாலன் கைக்குட்டையை மறுபடி முடிந்தார்.

"கொஞ்ச நேரம் இங்கேயே இருங்க. நான் போய் அவனைப் பாத்துட்டு வாரேன்."

பத்துமலை கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். தாடையைச் சுற்றிக் கட்டு. மடியில் ஒரு சிலேட்டு, சாக்குக்கட்டி, துடைக்க ஈரத்துணி. ஜெயபாலனைக் கண்டதும் கண்கள் மலர்ந்தன. பொய் மலர்ச்சி இல்லை. அதுதான் ஜெயபாலனுக்கு அதிகமாக வலித்தது.

"எடுத்துட்டேன் மலை. தண்ணி போயிருச்சு."

பத்துமலை கண்ணை மூடினார். பிறகு சிலேட்டில் எழுதினார்: 'ஐயோ. மழை.' காட்டிவிட்டு, ஈரத்துணியால் துடைத்தார். எழுத்து இருந்த சுவடே இல்லை.

ஜெயபாலன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "நம்ம நோட்டும் கூழாயிருச்சு. புதுசு வாங்கியாந்தேன். இத்தனை வருஷத்துல கையெழுத்துப் போடாம ஒரு டின்னை விட்டதில்ல. போடு."

புது நோட்டைத் திறந்து, பேனாவோடு மடியில் வைத்தார். பத்துமலை பழக்கதோஷத்தில் தேதி எழுதினார். இடம் என்று போட்டு 'சிம்பாங் பூலாய்' என்று எழுதினார். ஜெயபாலன் அதற்குக் கீழே விரலை வைத்தார்.

"இதுக்குக் கீழ நான் என்ன எழுதணும் தெரியுமா? வந்தேன். எடுத்தேன். எதுக்கு வந்தேன்?"

பத்துமலையின் கை நின்றது.

"கோடு போட்ட தாளை எதுக்குடா வச்சே? என் கண்ணு அவ்வளவு மோசம்னு நெனச்சியா?"

லியாகத் அலி கதவோரமாக நின்றிருந்தான். பத்துமலை சிலேட்டைத் தேடிக் கையை நீட்டினார். அது கட்டிலின் ஓரத்துக்கு நகர்ந்திருந்தது. நகர்த்தியது ஜெயபாலனின் முழங்கை. பத்துமலை மடியிலிருந்த நோட்டிலேயே எழுத ஆரம்பித்தார். முதலில் தயங்கித் தயங்கி. பிறகு, அஞ்சு நாளாகப் பேசாத மனிதன் பேசுவதுபோல, நிறுத்தாமல்.

'கடிதத்தைக் கம்பெனிக்காரனிடம் கொடுத்துவிட்டேன். போன மாதம். புது வீடமைப்பில் முதல் வரிசை, ஓரத்து வீடு, மகள் பெயரில். நாம் எப்படியும் தோற்றுத்தான் போவோம் பாலா. பெரிய இடம் அது. எல்லோரும் நடுத்தெருவுக்குப் போவதற்குப் பதில் ஒருத்தனாவது மிஞ்சட்டுமே. என் அப்பா லயத்திலிருந்து போனவர் திரும்பவில்லை. நானும் அந்த லயத்திலேயே சாக வேண்டுமா?'

"அந்த வீடு எங்க வரும் மலை?"

பேனா மெதுவாக நகர்ந்தது. 'கோயில் இருக்கிற இடம்.'

ஜெயபாலன் ஜன்னல் பக்கம் பார்த்தார். திரும்பியபோது அவர் குரல் மாறியிருந்தது. பழைய சிநேகிதனிடம் கேட்கிற சாதாரணக் குரல். "ஒண்ணு மட்டும் சொல்லு. நனைய வைக்கணும்னா எங்க வேணாலும் நனைய வச்சிருக்கலாம். எதுக்கு அவ்வளவு கேவலமான இடம்?"

பத்துமலை யோசிக்கவே இல்லை. 'நல்ல இடத்தை அசிங்கப்படுத்த மனசு வரவில்லை.'

பிறகு தலையைத் தூக்கி, ஜெயபாலனின் கண்ணைப் பார்த்துவிட்டு, இன்னொரு வரி எழுதினார். 'நீ யாரிடமும் சொல்ல மாட்டாய்.'

"நான் சொல்ல மாட்டேன்," என்றார் ஜெயபாலன். "ஆனா அந்தக் கடிதத்தை நான் பாத்ததே இல்லையே மலை. என்னதான் எழுதியிருந்தாரு தொரை? உனக்கு மறந்திருக்காது."

பத்துமலைக்கு எதுவும் மறக்காது என்று தோட்டத்தில் ஒரு பெயர் உண்டு. கண்ணில் பழைய கிராணியின் மிடுக்கு ஒரு கணம் வந்து போனது. ஒரு புதுப் பக்கத்தைப் புரட்டி, இங்கிலீஷில், தேதி முதல் துரையின் பெயர்வரை, கமா புள்ளி பிசகாமல் முழுக் கடிதத்தையும் எழுதினார். எழுதி முடித்து, வழக்கப்படி, அடியில் 'ஒளித்தவன்: பத்துமலை' என்று கையெழுத்துப் போட்டார். ஜெயபாலன் பேனாவை வாங்கி, பக்கத்தில் தன் பெயரை எழுதினார். நோட்டை மூடினார். எழுந்தார்.

அப்போதுதான் பத்துமலைக்குப் புரிந்தது. கம்பி கட்டிய வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. கை நோட்டை நோக்கி நீண்டது. நோட்டு ஏற்கெனவே ஜெயபாலனின் சட்டைக்குள் போய்விட்டது.

"சிலேட்டுல எழுதியிருந்தா தொடச்சிருப்பே," என்றார். "அதான் வாங்கினேன்."

பத்துமலை அவரைப் பார்த்த பார்வையில் கோபத்தைத் தாண்டி வேறொன்று இருந்தது. ஒரு மணி நேரத்துக்கு முன்னால், மதகின் அருகே, கைக்குட்டையை முடிந்தபோது தன் முகத்திலும் இதுதான் இருந்திருக்கும் என்று ஜெயபாலனுக்குத் தோன்றியது. திரும்பிப் பார்க்காமல் வெளியே வந்தார்.

வராந்தாவில் லியாகத் அலி அவர் கையைப் பிடித்தான். "அண்ணே, இப்பவே லாயர்கிட்ட குடுத்துருவோம். அந்தம்மாகிட்ட நீ சொல்ல வேணாம். நாளைக்குக் கோர்ட்டுல தெரிஞ்சுக்கட்டும் லா."

"நாளைக்கு நாலு பேரு முன்னாடி தெரிஞ்சுக்கிறதா? அதுக்கும் நான் காரணமா இருக்கணுமா?"

வீரம்மா நிமிர்ந்து பார்த்தார். ஜெயபாலன் அவர் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்து நோட்டைத் திறந்தார். சொல்ல மாட்டேன் என்று கொடுத்த வாக்கை அவர் மீறவில்லை. எழுதியிருந்ததை எழுதியிருந்தபடி வாசித்தார், அவ்வளவுதான். இங்கிலீஷில் இருந்ததைத் தமிழில் சொன்னார். வீரம்மா பிளாஸ்க்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கேட்டார்.

முடிந்ததும், "அந்த வீட்டு வரியை இன்னொரு தரம் படிங்க," என்றார்.

ஜெயபாலன் படித்தார்.

"கோயில் இருக்கிற இடமா?"

"ஆமாக்கா."

"இது கோர்ட்டுல செல்லுமா?"

"கடிதத்துல என்ன இருந்துச்சுன்னு படிச்சவன் கைப்பட எழுதியிருக்கான். அது இப்ப யாருகிட்ட இருக்குங்கிறதையும் எழுதியிருக்கான். நான் பக்கத்துல கையெழுத்துப் போட்டிருக்கேன். கூண்டுல ஏறியும் சொல்வேன். லாயருக்கு இது போதும்."

வீரம்மா தலையை ஆட்டினார். எழுந்து, சேலையைச் சரிசெய்துகொண்டு, பிளாஸ்க்கோடு வார்டுக்குள் போனார். லியாகத் அலி தடுக்கப் போனான். ஜெயபாலன் வேண்டாம் என்று சைகை காட்டினார். கதவோரமாக இருவரும் நின்றார்கள்.

பத்துமலை சுவர்ப் பக்கமாகத் திரும்பியிருந்தார். வீரம்மா கட்டிலருகே போய், அவர் தோளைத் தொட்டு நேராக உட்காரவைத்தார். கஞ்சித் தண்ணீரைக் கிண்ணத்தில் ஊற்றி, சூடு தாங்குமா என்று தன் மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தார். கன்னத்தின் ஓரமாகக் குழாயைச் செருகி, கொஞ்சம் கொஞ்சமாக, கிண்ணம் காலியாகும்வரை ஊட்டினார். பத்துமலையின் கண்ணிலிருந்து வழிந்த நீர் தாடைக் கட்டுத்துணியில் ஊறி இறங்கியது. வீரம்மா வாயை மட்டும் துடைத்துவிட்டார். பிளாஸ்க்கின் மூடியைத் திருகினார்.

"நாளைக்கு வர முடியாது அண்ணே," என்றார். "கோர்ட்டு இருக்கு."